மகாராஜா காருக்கு மாலை, ஜவான் லாரிக்குத் தராசு

போன பொங்கலுக்கு இங்கே ஜபல்பூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தோம். சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, பழைய மிலிட்டரி லாரி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கியாமே? எவ்வளவு போட்டே?"

சொன்னேன்.

"அடப்பாவி! அந்தக் காசுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் அரை கிரவுண்டாவது மடக்கிப் போட்டிருக்கலாமே. போயும் போயும் துருப்பிடிச்ச இரும்பை வாங்கி வாசல்ல நிறுத்தியிருக்கே."

பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அந்த நாலு பேரில் என் தங்கமணியும் ஒருத்தி என்பதுதான் கூடுதல் விசேஷம்.

சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. கேட்டவர் யார் என்பதில்தான் கோபம். அவர் இங்கே வெஹிகிள் ஃபாக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் வாங்கியிருக்கிற ஒரு டன் நிசான் அந்த ஃபாக்டரியில் செய்த வண்டி. அதில் இரண்டு போல்ட்டாவது அவர் கையால் முடுக்கியதாக இருக்கலாம். பையனைப் படிக்க வைத்தது, பெண்ணைக் கட்டிக் கொடுத்தது எல்லாம் அந்த இரும்பில் வந்த சம்பளம். அதற்கு இன்று பெயர் துருப்பிடித்த இரும்பு! அன்று வாயில் பொங்கலை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன கொசுவத்தி. 1950களில் நம் ராணுவத்திடம் இருந்த வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போர் முடிந்து இங்கேயே விட்டுப்போன டாட்ஜும் ஃபோர்டும் ஷெவர்லேயும்தான். அவற்றில் பல 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஏலத்துக்கு வந்து, ஊர் ஊராக லாரியாகவும் பஸ்ஸாகவும் மறுபிறவி எடுத்தன. நம் தாத்தாக்கள் 'டிஸ்போசல் லாரி' என்று சொல்வார்களே, அதுதான். ராணுவத்துக்கு நாமே லாரி செய்வோம் என்று கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது முடிவாகி, ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியிடம் உரிமம் வாங்கி, 1959ல் ஜபல்பூர் கன் கேரேஜ் ஃபாக்டரியில் பிறந்ததுதான் சக்திமான். அதற்குப் பின்னாலேயே ஜப்பானின் நிசான் உரிமத்தில் ஒரு டன் வண்டி. அப்புறம் ஜோங்கா. இந்த ஜோங்கா என்கிற பெயரே 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி' என்பதன் சுருக்கம் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஏதோ ஜப்பானிய வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1969ல் இதற்கென்றே தனியாக வெஹிகிள் ஃபாக்டரி வந்தது. 1962ல் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு 1965, 1971 என்று எந்த வருடத்தை எடுத்தாலும் ஜவானையும் அவன் சாப்பாட்டையும் குண்டையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்த வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களில் ஸ்டாலியன் வந்தது, சக்திமான் நின்றது. 1999ல் ஜோங்காவும் நின்றது. 2021ல் ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி போர்டையே கலைத்து ஏழு கம்பெனிகளாக்கியதில், இந்த வெஹிகிள் ஃபாக்டரி இப்போது நம்ம ஆவடியைத் தலைமையகமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் வருகிறது. ஆக, சுற்றிச் சுற்றி நம்ம ஊருக்கே வந்துவிட்டது.

கொசுவத்தி முடிந்தது. என் லாரிக்கு வருகிறேன்.

2004ல் ஏலத்தில் போன வண்டி. எடுத்தவர் கல் குவாரிக்கு ஓட்டியிருக்கிறார். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் கட்டங்கி ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார். நான் 2019ல் பார்த்தபோது கேபினுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கிலோ கணக்கில் எடைபோட்டு, இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். நான் வங்கிக்காரன். ஸ்பானரில் எத்தனை சைஸ் உண்டு என்பதே அப்போது தெரியாது. உதவிக்கு வந்தவர் இங்கே ராஞ்ஜியில் இருக்கும் ஒரு மிஸ்திரிஜி. ஃபாக்டரியில் இதே வண்டிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண் சரியாகத் தெரியாது. ஆனால் ஒரு புஷ்ஷைக் கையில் கொடுத்தால் தடவிப் பார்த்து "இது ஸ்டியரிங் நக்கிள்ல வர்றது, இடது பக்கம்" என்பார்.

எஞ்சின் கிட்டத்தட்ட நாலு லிட்டர், ஆறு சிலிண்டர், பெட்ரோல். பிஸ்டன் எல்லாம் இறுகிப்போய்க் கிடந்தது. சிலிண்டர் ஒவ்வொன்றிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி, பதினோரு நாள் ஊறவைத்தார் மிஸ்திரிஜி. தினமும் காலையில் வந்து நெம்புகோல் போட்டு ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். பன்னிரண்டாம் நாள் ஒரு நூல் அளவு நகர்ந்தது. நான் ஆபீசில் ஆடிட்டர் முன்னால் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், போனில் மிஸ்திரிஜி கத்துகிறார், "ஹில் கயா சாப்!" என்று. ஆடிட்டர் பயந்துபோய் என்ன ஆச்சு என்றார். எங்கள் வீட்டில் ஒருத்தர் கண் முழித்துவிட்டார் என்று சொல்லிவைத்தேன்.

பெயிண்டைச் சுரண்டியதுதான் எனக்குப் பிடித்த வேலை. மேலே குவாரிக்காரர் அடித்த மஞ்சள். அதன் கீழே ராணுவப் பச்சை. அதற்குக் கீழே மணல் நிறம். மறுபடி பச்சை. இந்த வண்டி ஒரு காலத்தில் ராஜஸ்தான் பக்கம் பாலைவனத்தில் இருந்திருக்கிறது என்று அந்த மணல் அடுக்கு சொல்கிறது. பம்பரில் மெதுவாக உப்புத்தாள் போடப் போட, மேல்நோக்கிய அம்புக்குறியும் பக்கத்தில் 73 என்ற எண்ணும் தெரிந்தன. ராணுவ வண்டி நம்பரில் அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 1973. சக்கரத்துக்கு மேலே டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று ஸ்டென்சிலில் எழுதியிருந்தது. முன்னால், எந்தப் பாலம் தன் எடையைத் தாங்கும் என்று சொல்லும் மஞ்சள் வட்டத்தின் நிழல். ஒரு வண்டி தன் சரித்திரத்தைத் தன் தோலிலேயே எழுதி வைத்திருக்கிறது. கிரைண்டரை வைத்து அரைமணியில் வழித்து எறிந்திருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

சரி, இவ்வளவு பாடுபட்டு வண்டி ஓடுகிறது. சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான், கைதட்டியவர்களில் நானும் ஒருவன். 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றாமல் அசல் வடிவத்தில் இருந்தால் 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் 'விஏ' என்று வரும். 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, அவ்வளவுதான். எல்லாம் நியாயம்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனுஷன். உட்காரச் சொல்லி, விதியை எடுத்து என் முன்னால் வைத்தார். இரு சக்கர வண்டி, அப்புறம் எம்-1 வகை நாலு சக்கர வண்டி, இவை மட்டும்தான் விண்டேஜ். எம்-1 என்றால் டிரைவரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாத பயணிகள் வண்டி. அதாவது கார். "உங்களுடையது சரக்கு வண்டி சார். இது இதில் வராது."

சரக்கு வண்டி என்றால் வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதாவது வருடத்தில் 200 கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு கிழவனை, தினமும் சிமென்ட் ஏற்றுகிற டிப்பரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள்.

"சரி சார், என் நண்பரிடம் ஜோங்கா இருக்கிறது. அது ஆள் ஏறுகிற வண்டிதானே, அதுவாவது வருமா?"

அவர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். 50 வருடம் எதிலிருந்து கணக்கு? முதல் விற்பனைக்குப் பிறகு நடந்த முதல் பதிவிலிருந்து. ராணுவ வண்டிக்கு ஆர்டிஓ பதிவு ஏது? ஏலத்தில் போன பிறகுதான் முதல் முறையாக நம் நம்பர் கிடைக்கிறது. என் லாரி பிறந்தது 1973. காகிதத்தில் பிறந்தது 2004. ஆக, அரசாங்கக் கணக்குப்படி அது இப்போது காலேஜில் படிக்கிற வயசுப் பிள்ளை. அதற்கு 50 வயது ஆகும்போது வருடம் 2054. நான் உயிரோடு இருந்தால் எனக்கு 78. பூரண கும்பத்தோடு போய்ப் பதிவு செய்துவிட்டு வரலாம். :-)

இன்னும் முடியவில்லை. மோட்டார் வாகன விதிகளில் 121 என்று ஒன்று இருக்கிறது. ராணுவத்தின் வண்டியைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது. ஒரு விதி அசல் வடிவத்தில் இரு என்கிறது. இன்னொரு விதி உன் அசல் நிறம் குற்றம் என்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே கட்டிடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள், கேன்டீனில்கூடச் சந்தித்துக்கொண்டதில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் யாரோ வேண்டுமென்று செய்த சதி என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் மனதில் 'பழைய வண்டி' என்றால் என்ன படம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸ். ஜமீன்தாரின் பியூக். வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர், மாலை போட்ட பானெட், நீதிபதிகள் மார்க் போடுகிற ஊர்வலம். அந்தக் கார்களும் இருக்கட்டும், அவையும் அழகுதான். ஆனால் வேட்டைக்கும் கல்யாணத்துக்கும் போன வண்டிக்குச் சட்டத்தில் நாற்காலி போட்டுவிட்டு, ஜோஜிலா ஏறிய வண்டியைக் காயலான் கடைத் தராசில் ஏற்றுகிற ஒரு நாட்டை என்னவென்று சொல்வது? டாங்கிகளுக்கு அகமத்நகரில் 1994லேயே அருங்காட்சியகம் வந்துவிட்டது. பழைய போர் விமானத்தை ஊர் முச்சந்தியில் கம்பத்தில் ஏற்றி வைக்கிறார்கள். சுட்டது எல்லாம் மியூசியத்துக்கு, சுமந்தது எல்லாம் மாயாபுரிக்கு. டெல்லியில் இருப்பவர்களுக்கு மாயாபுரி தெரியும். மற்றவர்களுக்கு: வண்டிகளைக் கண்டதுண்டமாக வெட்டி விற்கிற பெரிய காயலான் சந்தை.

இந்த இடத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார்: பச்சை வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டினால், தீவிரவாதி அதில் ஏறிக் கன்டோன்மென்ட்டுக்குள் போய்விட மாட்டானா? நியாயமான கேள்விதான். நானும் கன்டோன்மென்ட் ஊரில் பிள்ளை குட்டியோடு இருப்பவன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ராணுவமே எப்போதோ கைகழுவிய ஒரு மாடலை, நெற்றியில் விண்டேஜ் நம்பர் ஒட்டிக்கொண்டு, மணிக்கு நாற்பது கிலோமீட்டரில், ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு ஓட்டிப்போய் எந்தக் காவலனை ஏமாற்ற முடியும்? பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய பழைய வண்டிக்குச் சாலை வரியே கிடையாது. கென்ட் பக்கம் வருடா வருடம் பழைய ராணுவ வண்டிகளுக்கென்றே திருவிழா மாதிரி கூட்டம் நடத்துகிறார்கள், பச்சை வண்டிகள் குடும்பம் குட்டிகளோடு வந்து நிற்கின்றன. அவர்களுக்கு மட்டும் பாதுகாப்புக் கவலை இல்லையா என்ன?

பாதுகாப்புக் கவலை எனக்கு வேறொரு இடத்தில் இருக்கிறது. அதுதான் என் சக பொழுதுபோக்கர்கள். அரசாங்கத்தைத் திட்டியாகிவிட்டது, இனி உறவு முறையில் இவர்களைத் திட்டப் போகிறேன்.

2019ல் நம்ம தல தோனி ஒரு பச்சை ஜோங்கா வாங்கி ஓட்டிய படங்கள் வந்தன, நினைவிருக்கிறதா? அன்று தொடங்கி எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான். "மாமா, எனக்கும் ஒரு ஜோங்கா வேணும், அங்கே சல்லிசா கிடைக்குமாமே." வாங்கி என்ன செய்யப் போகிறாய்? பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏதாவது டீசல் எஞ்சின். ஆளுயர டயர். கூரை மேல் பத்து எல்.ஈ.டி. விளக்கு. முன்னால் மண்டையோடு. பின்னால் 'ஃபௌஜி' ஸ்டிக்கர். ஒரு பையன் தன் வண்டியின் பானெட்டில் ஜெனரலுக்கு உரிய நட்சத்திரப் பலகையே வைத்திருந்தான். அவன் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக ஒருத்தரும் தீபாவளித் துப்பாக்கி தவிர வேறு எதையும் தொட்டதில்லை. இவனைப் போலீஸ் பிடித்தால் நான் போலீஸ் பக்கம்தான்.

பஞ்சாப்-ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். ராணுவ ஏலத்தில் வந்த உதிரிகளை வைத்து ஜீப் கட்டுவதில் பேர் போன ஊர். அந்தத் தொழிலாளிகளின் கைவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் பிழைப்பு, பிரமாதமாகவே செய்கிறார்கள். ஆனால் நாலு வண்டியின் எலும்பை ஒன்றாக்கி பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு, வாங்கியவர் அதற்கு 'ரெஸ்டோரேஷன்' என்று பேர் வைக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய கோயிலுக்கு மணல் வீச்சுப் பாய்ச்சிக் கல்வெட்டை எல்லாம் தேய்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டுகிற கும்பாபிஷேகத்துக்கு என்ன பெயரோ அதுதான் இதற்கும். எஞ்சினை மாற்றுகிறவன் விண்டேஜ் விதியையும் சேர்த்துத் தோற்கடிக்கிறான். நாளைக்கு நானோ வேறு யாரோ அமைச்சகத்துக்கு மனு எழுதினால், "உங்கள் ஆட்கள் செய்கிற லட்சணம் இதுதானே" என்று இந்தப் படத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

லிட்டருக்கு மூணு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று எஞ்சினைக் குறை சொல்கிறார்கள். ஆமாம், கொடுக்காதுதான். என் வண்டியும் மூணுதான் கொடுக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு குவாரிகாட் வரை போய் நர்மதையைப் பார்த்துவிட்டு வர என்ன செலவாகிவிடப் போகிறது? ஒரு குடும்பம் மல்டிபிளெக்ஸில் பாப்கார்னோடு படம் பார்க்கிற செலவு.

இவ்வளவு ஏன் துள்ளுகிறேன் என்று கேட்பீர்கள். சொந்தக் கதைதான் காரணம். எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். அங்கே கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். என் அப்பா ஏ.எஸ்.சி.யில் டிரைவர். பெங்களூரில் பயிற்சி. சுட்டதில்லை, மெடல் கதை இல்லை. ஆட்டா, மண்ணெண்ணெய், கம்பளி, ஆடு எல்லாம் ஏற்றிக்கொண்டு லே வரைக்கும் போய்வந்தவர். லீவில் வரும்போது நாங்கள் "சண்டை பார்த்தீங்களாப்பா?" என்று கேட்டால், சண்டையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். சக்திமானைப் பற்றிச் சொல்வார். ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உறைந்து வெடித்துவிடும். காலையில் எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே ஸ்டவ் வைத்துச் சூடு பண்ணினால்தான் எஞ்சின் அசையும். ஜோஜிலாவில் ஒரு பக்கத்துக் கான்வாய் முழுசாக ஏறி முடித்த பிறகுதான் எதிர்ப் பக்கத்தை விடுவார்கள், அதுவரை கேபினிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிற்பாடு ராஜஸ்தான் பக்கம் மாற்றலானபோது ஓட்டியது ஒரு டன் நிசான். நாங்கள் கேட்ட யுத்த காண்டம் இவ்வளவுதான். அவர் ஓட்டிய வண்டிகள் எல்லாம் எங்கே என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாயாபுரி, பானாகட் என்று துண்டு துண்டாகப் போய், இந்நேரம் யார் வீட்டுக் கான்கிரீட்டிலாவது கம்பியாக இருக்கும்.

மனு எழுதியிருக்கிறேன். கேட்டது பெரிசாக ஒன்றும் இல்லை. ராணுவத்தில் ஓய்வு பெற்ற லாரிகளையும் விண்டேஜ் விதியில் சேருங்கள். 50 வருடத்தை ஏலத் தேதியிலிருந்து எண்ணாதீர்கள், வண்டி செய்த வருடத்திலிருந்து எண்ணுங்கள், சேசிஸ் தகட்டிலேயே அது இருக்கிறது. 'விஏ' நம்பர் வாங்கிய பழைய ராணுவ வண்டிக்கு மட்டும், ராணுவத்தின் எழுத்துபூர்வ அனுமதியோடு, 121ஆம் விதியிலிருந்து விலக்குக் கொடுங்கள். போலி யூனிட் அடையாளமோ நட்சத்திரமோ வைத்தால் அந்த நம்பரைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். மிஸ்திரிஜியும் ஹிந்தியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பொங்கலன்று கேட்ட அந்தப் பெரியவரிடமும் கையெழுத்து வாங்கப் போகிறேன். போடாமல் எங்கே போவார், அவருடைய சர்வீஸ் புத்தகமே அந்த லாரிதான்.

ஆறு மாதம் முன்னால் அப்பா இங்கே வந்திருந்தார். 76 வயது. லாரியைப் பற்றிப் போனில் சொல்லவில்லை, நேரில் காட்டலாம் என்று வைத்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து இறங்கியவர், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். விதிக்குப் பயந்து நாங்கள் அடித்திருந்தது சாம்பல் நிறம்.

"யாரு வண்டிடா இது? முனிசிபாலிட்டியா?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அப்புறம் கிட்டப் போனார். கதவுப் பிடியைத் தொட்டார். ஒன்றும் பேசவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளை எங்கே?"

"என்ன வெள்ளை?"

"டிஃபரென்ஷியல்லடா. பின்னாடி அந்த உருண்டையில வெள்ளை அடிச்சிருக்கணும். மேல குட்டியா ஒரு லைட்டு. ராத்திரி கான்வாய்ல ஹெட்லைட் போடக் கூடாது. முன்னாடி போறவன் வெள்ளையைப் பார்த்துக்கிட்டே ஓட்டணும். அது தெரிஞ்சா ரோடு இருக்கு, தெரியலைன்னா பள்ளம்."

விளக்கின் பிராக்கெட் அங்கே இருந்தது. அது எதற்கென்று தெரியாமல் விட்டு வைத்திருந்தேன். கிரீஸை வழித்தபோது அடியில் வெளுப்பாக ஏதோ இருந்ததும் நினைவு வந்தது. அதன் மேல் சுத்தமாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த புத்திசாலி நான்தான். மண்டையோடு ஒட்டுகிறவனைத் திட்டினேன் இல்லையா, என் கதை இது.

மறுநாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பி வெளியே வந்தால், ஒரு சாக்கை விரித்து அப்பா வண்டிக்கடியில் படுத்திருக்கிறார். கையில் பிரஷ், பக்கத்தில் கால் லிட்டர் வெள்ளை எனாமல். 121ஆம் விதியில் வெள்ளைக்குத் தடை இல்லை. டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றது தங்கமணி.